பெண்களுக்காகப் பிறந்த அகராதி



ஆங்கில அகராதி என்றால் நம் வீடுகளில் அது பிள்ளைகளின் பரீட்சைக்கு வாங்கிய புத்தகம். பரீட்சை முடிந்ததும் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். ஆனால், ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதலாவது அகராதி பெண்களை எண்ணித் தொகுக்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியுமா?

1604 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரொபர்ட் கோட்ரி என்பவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஏறத்தாழ 2,500 கடினமான சொற்கள்; ஒவ்வொன்றுக்கும் எளிய விளக்கம். சீமாட்டிகளுக்கும் குடும்பப் பெண்களுக்கும், கல்விப் பயிற்சி இல்லாத ஏனையோருக்கும் உதவுவதற்காக என்று முகப்பிலேயே அச்சிட்டிருந்தார். அக்காலத்தில் லத்தீன் கற்பித்த பாடசாலைகள் ஆண் பிள்ளைகளுக்கே உரியவை. அங்கு படித்து வந்தவர்கள் லத்தீன் சொற்களை ஆங்கிலத்தில் தாராளமாகக் கலந்தார்கள். சொந்த மொழியில் எழுதப்பட்டதையே பெண்கள் விளங்க முடியாத நிலை. கதவைப் பூட்டிவிட்டு, ஜன்னல் வழியே சாவியை நீட்டிய கதைதான் இது! அந்த நூலின் முதற் பதிப்பில் இன்று எஞ்சியிருப்பது ஒரேயொரு பிரதி. அது ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

1623 இல் ஹென்றி கொக்கரம் என்பவர் இன்னோர் அகராதியைக் கொண்டு வந்தார். அவரும் முகப்பில் பெண்களையே முதலில் குறிப்பிட்டார். அதில் ‘அப்ரிசிட்டி’ என்றொரு சொல். குளிர்காலத்து வெயிலின் சூடு என்று பொருள். நுவரெலியாவில் ஜனவரி மாதக் காலையில் முற்றத்து வெயிலில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு அந்தச் சுகம் புரியும். இத்தனை நல்ல சொல்லை ஆங்கிலேயர் எடுத்துப் புழங்கவில்லை. அது அகராதியோடு நின்றுவிட்டது.

‘ஓவர்மொரோ’ என்பதும் அப்படித்தான். நாளை மறுநாள் என்பது அதன் பொருள். 1535 இல் மைல்ஸ் கவர்டேல் வெளியிட்ட பைபிள் மொழிபெயர்ப்பில் அது இருக்கிறது. பின்னர் வழக்கொழிந்தது. இன்று அதே விஷயத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் நான்கு சொற்கள் தேவை. ஜெர்மானியர் தமது ‘ஊபர்மோர்கன்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கைவிடாமல் இன்றும் பேசுகிறார்கள்.

ஸ்கொட்லாந்தில் ‘குரோக்’ என்று ஒரு சொல் உண்டு. ஒருவர் சாப்பிடும்போது, தனக்கும் கிடைக்காதா என்று பக்கத்தில் நின்று ஏக்கத்தோடு பார்ப்பது. நாய்க்கும் சொல்வார்கள், பிள்ளைக்கும் சொல்வார்கள். மீன் பொரிக்கும் நாளில் உங்கள் குசினி வாசலில் பூனை என்ன செய்கிறது என்று பாருங்கள். சொல் மனதில் பதிந்துவிடும்.

சிரிப்பூட்டும் சொல்லை அடுத்து மனதைத் தொடும் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் ‘ஊஹ்ட்செயாரு’ என்றார்கள். ‘ஊஹ்ட்’ என்பது விடிவதற்கு முந்திய இரவின் கடைசிப் பகுதி. ‘செயாரு’ என்றால் கவலை. விடியுமுன் விழித்துக் கிடந்து படும் கவலை. எக்ஸெட்டர் தேவாலயத்தில் பாதுகாக்கப்படும் பழைய கையெழுத்துச் சுவடியில், கடல் கடந்து போன கணவனை நினைத்து ஒரு பெண் புலம்பும் கவிதையில் இச்சொல் வருகிறது. வீட்டுக்காரரோ மகனோ வெளிநாட்டில் உழைக்க, சுபஹ் பாங்குக்கு முன்னரே விழித்து, கடனையும் பிள்ளைகளையும் எண்ணிக் கிடக்கும் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வேதனைக்கு ஒரு காலத்தில் ஒரு பெயர் இருந்தது என்று அறிவதே ஓர் ஆறுதல்.

பிழைத்துக்கொண்ட சொல் ஒன்றும் உண்டு. அராபிய வணிகர் நம் நாட்டை ‘ஸரன்தீப்’ என்று அழைத்தனர். அந்நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய பாரசீகக் கதையொன்று 1557 இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சானது. 1754 ஜனவரி 28 இல் ஹொரஸ் வொல்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அக்கதையை நினைவுகூர்ந்து ‘செரன்டிபிட்டி’ என்ற சொல்லை உண்டாக்கினார். தேடாமலே, தற்செயலாலும் கூர்மதியாலும் நல்லதொன்றைக் கண்டடைவது. நூறாண்டுக்கு மேல் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இருபதாம் நூற்றாண்டில்தான் விஞ்ஞானிகளும் எழுத்தாளர்களும் எடுத்தாள, உலகெங்கும் பரவியது. நம் மண்ணின் பெயர் இன்று ஆங்கிலேயரின் வாயில் புழங்குகிறது!

சகோதரிகளே, அகராதியில் ஏறியதால் மட்டும் ஒரு சொல் பிழைப்பதில்லை. வாயில் புழங்கினால்தான் பிழைக்கும். மேல்தட்டிலுள்ள அந்தப் புத்தகத்தை இறக்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகளோடு எந்தப் பக்கத்தையாவது திறந்து ஒரு சொல்லைப் பாருங்கள். மார்க்குக்காக அல்ல, மகிழ்ச்சிக்காக. இன்னொரு கொப்பியில், உங்கள் உம்மம்மா பேசி, உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமற்போன நம் வீட்டுச் சொற்களையும் எழுதி வையுங்கள். அவற்றுக்குக் கோட்ரி போல ஒருவர் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். அதை நீங்களே தொகுக்கலாம்.