ஞாயிறு பூசைக்கு வருகைப் பதிவேடா?

போன மாதம் எங்கள் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. குடும்பத்துக்கு ஒரு அட்டை. ஞாயிறு பூசைக்கு வந்தால் வாசலில் ஒரு முத்திரை. வருஷத்தில் 52 ஞாயிறு, அதில் 40 முத்திரையாவது வேண்டும். குறைந்தால் கல்யாண ஓலை, ஞானஸ்நானச் சான்றிதழ், கல்லறையில் இடம் எல்லாவற்றுக்கும் "யோசித்துச் சொல்கிறோம்" என்பார்களாம். பெஞ்சுகள் காலியாக இருக்கின்றன, இளைஞர்கள் வருவதில்லை, வேறு வழி இல்லை என்றார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது சட்டென்று பதில் வரவில்லை. வயசு அப்படி. இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆபீசில் எழுத்தராக இருந்தவன் நான். அதில் பல வருஷம் வருகைப் பதிவேடு என் மேஜையில்தான் இருந்தது. தாமதமாக வந்தவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் குறி போட்ட கை இது. அதனால் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள், உண்மை. கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே டீக்கடைக்குப் போனார்கள், அதுவும் உண்மை. ஃபைல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்கும் முன்னால், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் காலையில் பெயர் கூப்பிடுவார்கள். "ப்ரெஸான்" என்று சொல்ல வேண்டும். கடற்கரைக்கு ஓடிப்போன பையனுக்காகப் பக்கத்துப் பையன் குரலை மாற்றி "ப்ரெஸான்" சொல்வான். பதிவேட்டில் வகுப்பு முழுசாக இருக்கும். அன்றைக்கே கற்றுக்கொண்ட பாடம் இது: பதிவேட்டில் இருப்பது வேறு, ஆள் இருப்பது வேறு.

நான் கடமையை மறுக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஞாயிறும் கடன் திருநாட்களும் பூசை காண வேண்டும் என்று 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் 1247-ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. நானும் அப்படியே நம்புகிறேன். ஆனால் அடுத்த பிரிவையும் படிக்க வேண்டாமா? முந்தின நாள் சாயங்காலப் பூசை கண்டாலும் போதும் என்கிறது அது. நோயாளிகளையும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்களையும் திருச்சபையே விலக்கி வைத்திருக்கிறது. ரோம் கொடுத்த சலுகையை எங்கள் பங்குப் பேரவை ஒரு அட்டையை வைத்துப் பிடுங்கலாமா?

வராதவர்கள் யார் என்று பாருங்கள். புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைதான் வெளியூர்க் கூட்டம் வந்து இறங்குகிற நாள். ஓட்டலில் தட்டு எடுப்பவர், லாட்ஜில் படுக்கை விரிப்பவர், கடையில் நிற்கும் பெண், ஆஸ்பத்திரி நர்ஸ், இரவு முழுக்க விழித்திருந்த வாட்ச்மேன் என்று இவர்களில் எத்தனை பேர் நம் பிள்ளைகள்! காலை ஏழு மணிக்கு ஒரே பூசையை வைத்துவிட்டு அவர்கள் அட்டையில் முத்திரை இல்லை என்றால், தப்பு யார் மேல்?

"அந்தக் காலத்தில் அட்டை இல்லாமலே கோயில் நிரம்பியதே" என்பார்கள். நிரம்பியது. நான் பூசைக்கு உதவி செய்யும் பையனாக இருந்தபோது எல்லாம் லத்தீனில்தான். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் பதில் சொன்னோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்தது, அந்தச் சமயத்தில்தான் தமிழ் பீடம் ஏறியது. லத்தீன் புரியாத காலத்திலும் ஜனங்கள் வந்ததற்கு ஒரு காரணம் எங்கள் உபதேசியார். சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருத் தெருவாக வருவார். "பாட்டிக்கு ஜுரம் விட்டுதா? பையனுக்கு வேலை கிடைச்சுதா?" பூசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். மறுநாள் வீட்டோடு கிளம்பிப் போவோம்.

நிரம்பிய கோயில் எல்லாம் ஒன்றுபட்ட கோயில் என்றும் நினைக்காதீர்கள். நம் சம்பா கோயிலில் சாதிக் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து நின்ற சுவரை 1745-இல் இடித்ததையும், அதனால் கிளம்பிய சண்டையையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கமும் கூட்டம் இருந்தது, இந்தப் பக்கமும் இருந்தது. தலையை எண்ணினால் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கும்.

இப்போது என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். என் பெஞ்சில் தூணோரம் ஒரு வாத்தியார் உட்காருவார். ஓய்வு பெற்றவர், என்னைவிட நாலு வயசு மூத்தவர். பதினைந்து வருஷம் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சமாதான வாழ்த்துச் சொல்லிக்கொண்டவர்கள் நாங்கள். தவக்காலத்தில் அவர் வரவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பாஸ்கு போயிற்று, மாதா திருநாளும் போயிற்று. ஒருநாள் மருந்துக் கடையில் அவர் தெருக்காரர் சொன்னார், வாத்தியார் எங்கேயும் போகவில்லை, மனைவி படுத்த படுக்கை, அவருக்கு முழங்கால் மடங்கவில்லை என்று. அவர் வீடு என் வீட்டிலிருந்து ஆறு தெரு.

போனேன். காபி போடக்கூட அவரால் எழுந்திருக்க முடியவில்லை. குறை ஒன்றும் சொல்லவில்லை. "என் இடத்துல இப்ப யார் உட்கார்றாங்க?" என்று மட்டும் கேட்டார். யாரும் உட்காரவில்லை, நான் என் குடையை வைக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

அட்டை இருந்திருந்தால் வாத்தியாருக்கு எத்தனை முத்திரை விழுந்திருக்கும்? அவருக்குக் கல்லறையில் இடம் இல்லை என்று சொல்லியிருப்போமா? பதினைந்து வருஷம் தவறாமல் வந்த எனக்கு அட்டை நிறைய முத்திரை இருந்திருக்கும். எங்கள் இருவரில் தவறியவன் யார்?

நூறு ஆட்டில் ஒன்று காணாமல் போனால் மேய்ப்பன் தேடிப் போகிறான் என்று லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். அவன் ஆட்டுக்கு அபராதம் போட்டதாக எங்கும் இல்லை.

என் யோசனை இதுதான். வந்தவர்களை எண்ண வேண்டாம், வராதவர்களை எண்ணுங்கள். ஒவ்வொரு அன்பியமும் வாரத்துக்கு ஐந்து வீடு போகட்டும். நோட்டீசும் ரசீதுப் புத்தகமும் இல்லாமல் வெறுங்கையோடு போகட்டும். வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பூசை வையுங்கள். நடக்க முடியாதவர் வீட்டுக்கு நற்கருணை போகட்டும். பிரசங்கம் எட்டு நிமிஷத்துக்குள் முடியட்டும். இதை நான் சொல்லவில்லை, 2024-இல் போப் பிரான்சிஸ் சொன்னது. இளைஞர்களை நாற்காலி தூக்க மட்டும் கூப்பிடாமல் பேரவையில் உட்கார வைத்து அவர்கள் பேசுவதையும் கேளுங்கள்.

அட்டை அச்சடிக்க ஒதுக்கின பணத்தை ஆட்டோவுக்குக் கொடுங்கள். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு வாத்தியார் ஆட்டோவில் வருகிறார். அந்த இரண்டு மணி நேரம் அவர் மனைவியைப் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொள்கிறார். படியில் கைகொடுக்க இரண்டு பையன்கள் காத்திருக்கிறார்கள். அவர்கள் வருவதில்லை என்றுதானே கூட்டத்தில் குறைப்பட்டோம்? வாத்தியாருக்காக ஆறே முக்காலுக்கே வந்துவிடுகிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் அட்டையை மறுபடி எடுப்பார்கள். இந்தத் தடவை நான் எழுந்து பேசுவேன். என் குடையை இப்போது தரையில் வைக்கிறேன்.