இடத்துக்கு ஆளா, ஆளுக்கு இடமா?

ஓமலூர், தாரமங்கலம் தொடங்கித் தெற்கே ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வரையில் பரந்து கிடக்கும் இந்தச் சமவெளியில், தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டிக்கு வீரர்களை ஏலம் எடுக்கும் காலம் நெருங்கிவிட்டால், தேநீர்க் கடைகளிலும், லாரிப் பட்டறைகளிலும், விசைத்தறிக் கூடங்களிலும் நடைபெறுகிற சம்பாஷணைகளைச் சற்று நின்று கேட்பவர்கள், நம் ஜனங்களுக்கு நிர்வாக சாமர்த்தியம் போதாது என்று சொல்லத் துணியமாட்டார்கள். சேலம் ஸ்பார்ட்டன்ஸ் அணியில் யாரைத் தக்கவைத்துக் கொள்ளலாம், யாரை விடுவிக்கலாம், கையிலிருக்கும் தொகையில் எத்தனை பங்கைப் பந்துவீச்சுக்கு ஒதுக்கலாம், நடுவரிசையில் நின்று ஆட ஒரு இடக்கை ஆட்டக்காரர் அவசியமா, அல்லது கடைசி நான்கு ஓவரைக் காப்பாற்ற ஒரு டெத் பவுலர் அவசியமா என்றெல்லாம் அவர்கள் நடத்துகிற விவாதத்தில், வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கும் நிதி மந்திரியின் பொறுப்புணர்ச்சியும், எதிர்க்கட்சித் தலைவரின் அதிருப்தியும் ஒருங்கே தொனிக்கும்.

இந்த விவாதத்தை வெட்டிப் பேச்சென்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேர்ந்தவனல்ல. ஒருவனுடைய யோக்கியதையை இன்னொருவனுடைய யோக்கியதையோடு வைத்து நிறுத்துப் பார்ப்பதும், கைப்பணம் குறைவாக இருக்கையில் எதை முதலில் வாங்குவது என்று யோசிப்பதும் புத்திக்கு நல்ல பயிற்சிகளே. ஆனால் நம் ரசிகர்களின் விவாதம் ஏறக்குறைய எப்போதும் ஒரே கேள்வியிலிருந்தே புறப்படுகிறது. அந்தக் கேள்வி சரியானதுதானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

2016-ல் லீக் தொடங்கிய நாளிலிருந்து சில ஆண்டுகள் வரையில் அணிகள் தங்கள் முறை வந்தபோது ஒவ்வொருவராக ஆளைத் தேர்ந்துகொள்ளும் டிராஃப்ட் என்ற ஏற்பாடுதான் இருந்தது. 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் அதை மாற்றி ஏலமாக்கினார்கள். ஓர் அணி செலவிடக்கூடிய தொகை 70 லட்சம் ரூபாய் என்று வரம்பு கட்டியிருந்த அந்த ஏலத்தில், லைகா கோவை கிங்ஸ் அணி சாய் சுதர்சன் என்ற ஒரே இளைஞருக்கு 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கொடுத்தது. அவரை அப்போது ஐ.பி.எல். போட்டியில் குஜராத் அணி வைத்திருந்த விலை 20 லட்சம் என்பதை நினைத்தால், மாநிலப் போட்டி அகில இந்தியப் போட்டியைவிட அதிகமாக ஒருவரை மதித்த விசித்திரம் புலப்படும். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான தொகையை ஒருவர்மேல் வைத்த கோவை, அவ்வாண்டுக் கோப்பையையும் வென்றது.

நம் ரசிகர்களிலே இரண்டு கட்சிகள் உண்டு. அணியில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அந்த இடத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. கிடைப்பவர்களில் எவர் சிறந்தவரோ அவரை முதலில் பிடித்துக்கொண்டு, இடத்தைப் பிறகு யோசிக்கலாம் என்பது மற்றொன்று. முதற்கட்சிக்குத்தான் சேலத்தில் பலம் அதிகம். அதற்குத் தக்க காரணமும் இருக்கிறது. 2023 ஜூன் 13-ஆம் தேதி சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், நம் தலைவர் அபிஷேக் தன்வர் இருபதாவது ஓவரின் இறுதிப் பந்தை வீசியபோது ஆட்டக்காரரின் ஸ்டம்பு விழுந்தும் அது நோ-பால் என்று அறிவிக்கப்பட, அடுத்த நோ-பால் சிக்சருக்குப் பறக்க, அதற்கடுத்த நோ-பாலில் இரண்டு ஓட்டங்கள் எடுக்கப்பட, பின்பு ஒரு வைடும் வந்து சேர, கடைசியில் முறையாக விழுந்த பந்தும் சிக்சராக, ஒரே பந்தின் கணக்கில் 18 ஓட்டங்கள் போயின. அந்த ஆட்டத்தில் 52 ஓட்ட வித்தியாசத்தில் நாம் தோற்றோம். உலகமெங்கும் பரிகசிக்கப்பட்ட அந்தப் பந்தைப் பார்த்த ரசிகன், மறுநாள் காலையிலேயே நல்ல டெத் பவுலர் வேண்டும் என்று கூவினால் அவனைக் குறை சொல்வதற்கில்லை. புண் இருக்கும் இடத்தில்தானே கை போகும்?

ஆனாலும், சென்ற பருவத்தின் புண்ணைப் பார்த்து அடுத்த பருவத்துக்கு ஆள் எடுப்பதில் ஓர் அபாயம் இருக்கிறது. ஐ.பி.எல். தொடங்கிய 2008-ல், பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்று திரும்பிய இளைஞர்களை ஏலத்தில் விடாமல் டிராஃப்ட் முறையில் அணிகளுக்குப் பங்கிட்டார்கள். முதல் உரிமை தில்லி டேர்டெவில்ஸ் அணிக்கு வாய்த்தது. அந்த இளைஞர் அணியின் தலைவரும் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவருமான விராட் கோலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். ஆனால் சேவாக், கம்பீர், டிவில்லியர்ஸ், தில்ஷான் என்று ஆட்டக்காரர்கள் நிறைந்திருந்த அணிக்கு இன்னும் ஓர் ஆட்டக்காரர் எதற்கு, பந்துவீச்சாளரல்லவா தேவை என்ற தர்க்கம் மேலோங்கி, இடக்கை வேகப்பந்து வீச்சாளரான பிரதீப் சங்வானைத் தேர்ந்தெடுத்தார்கள். கோலி பெங்களூருக்குப் போனார். சங்வானும் தில்லிக்காரரே ஆகையால், ஊர் அபிமானம் இதில் கலந்து குழப்பவில்லை. தேவை ஒன்றே நின்று தீர்ப்புச் சொல்லிற்று. அந்தத் தர்க்கத்தில் பிழை காண்பது கடினம். அதன் பலனைத்தான் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். (கோலியைப் பெற்ற பெங்களூருவும் முதல் கோப்பைக்கு 2025 வரையில் காத்திருந்தது என்பதால், தகுதிக் கட்சியினர் அதிகமாக மார்தட்டிக்கொள்ள வேண்டாம்.)

டிராஃப்ட் என்ற ஏற்பாட்டின் பிறப்பிடமாகிய அமெரிக்காவிலும் இந்த வழக்கு நெடுநாளாகத் தீரவில்லை. அந்நாட்டுக் கால்பந்து லீக்கில், பணக்கார அணிகளே நல்ல ஆட்களையெல்லாம் வாரிக்கொண்டு போவதைக் கண்டு மனம் நொந்த பிலடெல்பியா அணியின் சொந்தக்காரர் பெர்ட் பெல், கடைசி இடத்தில் நிற்கும் அணிக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை தரவேண்டும் என்று யோசனை சொல்லி, 1936-ல் அதை நடைமுறைக்கும் கொண்டுவந்தார். கடைசி இடத்தில் அப்போது நின்றது அவருடைய அணியேதான் என்பது யோசனையின் உத்தம குணத்தைக் குறைத்துவிடாது என்று நம்புவோம். முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்பவரோ அந்த லீக்கில் ஓர் ஆட்டங்கூட ஆடாமல் ரப்பர் வியாபாரத்துக்குப் போய்விட்டார். 2000-ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து அணி, தன்னிடம் புகழ்பெற்ற குவாட்டர்பேக் ஒருவர் இருக்கையிலேயே, அவசியம் எதுவுமின்றி, 199-ஆவது ஆளாக டாம் பிரேடியை எடுத்தது. மறு ஆண்டு முதல் குவாட்டர்பேக் காயமுற்றார். பிரேடி களத்தில் இறங்கினார். அந்த அணிக்கு ஆறு கோப்பைகளை வாங்கித் தந்தார். காலி இடத்துக்கு மட்டுமே ஆள் எடுப்பது என்று அவர்கள் விரதம் பூண்டிருந்தால் அவர் அங்கே வந்திருக்க நியாயமில்லை.

பதினொரு தொடக்க ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு இருபது ஓவர் பந்து வீச முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. விக்கெட் கீப்பர் இல்லாத அணி விக்கெட் கீப்பரைத் தேடத்தான் வேண்டும். ஆயினும் நம்முடையது போன்ற அணிக்கு, இன்றைய காலி இடம் ஆனி மாதத்தில் இருக்கும் காலி இடமாக இருக்குமென்று யாரும் உறுதி கூற இயலாது. இந்திய அணியிலிருந்து அழைப்பு வந்தால் முதன்மை வீரர் புறப்பட்டுவிடுவார். தோள்பட்டை வலித்தால் வேகப்பந்து வீச்சாளர் உட்கார்ந்துவிடுவார். ஆகவே தேவைப் பட்டியலை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, ஆளின் தரத்தை முதலாவதாகப் பார்ப்பதே புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

தரத்தை அறிவது எப்படி என்பதுதான் அடுத்த கேள்வி. திருச்செங்கோட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் மஞ்சள் ஏலத்துக்கு வருகிற வியாபாரி, மூட்டையைப் பிரித்து விரலியை உடைத்துப் பார்த்துத் திருப்தி அடைந்த பிறகே விலை குறிக்கிறார். ஏலக் கூடத்தில் மேஜைமுன் அமர்ந்திருக்கும் அணிச் சொந்தக்காரருக்கோ, வீரரைப் பற்றிய ஒரு தாளும் சென்னை லீக்கில் அவர் எடுத்த விக்கெட் கணக்குமே பெரும்பாலும் ஆதாரம். அந்தத் தாளில் ஏறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒருவனைப் பார்த்துவிட்டவர்கள் நம் ஊர்களில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துப் போட்டிகளில் எல்லைக் கோட்டோரம் குந்தியிருப்பவர்கள் அவர்கள்.

சின்னப்பம்பட்டி த. நடராஜன் அப்படிப் பார்க்கப்பட்டவர்தான். இருபது வயதுவரையில் டென்னிஸ் பந்திலேயே ஆடிக்கொண்டிருந்த அந்த நெசவுத் தொழிலாளியின் மகனை அடையாளம் கண்டு சென்னைக்கு அழைத்துப் போனவர், அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ். 2015-ல் ரஞ்சிப் போட்டியில் அறிமுகமானவுடனேயே பந்து வீசும் முறைபற்றி ஆட்சேபம் எழுந்து, அதைத் திருத்திக்கொள்வதில் ஓராண்டு போயிற்று. அத்தகைய சந்தேகக் குறியோடு இருந்தவரைத்தான் 2016-ல் திண்டுக்கல் டிராகன்ஸ் அணி எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு டூட்டி பேட்ரியாட்ஸ் அணிக்கு எதிராக ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்துகளையும் அவர் யார்க்கராகவே இறக்கியதைத் தமிழ்நாடே பேசிற்று, 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்ச ரூபாய் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் அணி 3 கோடி கொடுத்து வாங்கிற்று. 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். இதில் விதியின் பரிகாசம் ஒன்றுண்டு. அந்த ஆறு யார்க்கர்களையும் வாங்கிக்கொண்ட டூட்டி பேட்ரியாட்ஸ் அணிதான் பின்னர் தூத்துக்குடியை விட்டுக் கிளம்பி, 2021 முதல் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் என்ற பெயரில் நம் அணியாக விளங்குகிறது.

அதே சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த ஜி. பெரியசாமி, 2019-ல் சேப்பாக் அணிக்காக 21 விக்கெட்டுகளை எடுத்து, இறுதி ஆட்டத்தில் 15 ஓட்டங்களுக்கு 5 பேரை வீழ்த்தித் தொடர் நாயகன் விருதையும் பெற்றார். ஒரே கிராமம், இரண்டு டெத் பவுலர்கள். இரண்டு பேரும் அன்று பிற ஊர்களின் பெயரால் ஆடினார்கள். சேலத்துக்கு அப்போது அணி இல்லை என்பது நியாயமான சமாதானம். ஆனால் அணி வந்த பின்பும், 2024 ஏலத்தில் நடராஜனை 11 லட்சத்து 25 ஆயிரத்துக்குப் பெற்றுக்கொண்டது திருப்பூர் தமிழன்ஸ். 2025-ல் கோப்பையும் திருப்பூருக்கே போயிற்று. 2020-ல் வாழப்பாடிக்கு அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் திறக்கப்பட்ட அழகிய மைதானத்தில் வந்தமர்ந்து, சேலம் அணிக்காகக் கை தட்டுவதா, சேலத்துக்காரர் வீசும் பந்துக்காகக் கை தட்டுவதா என்று ரசிகன் திகைக்கிற நிலைமை யாருக்கும் பெருமை தருவதன்று.

ஆகையால் ஒரு யோசனை சொல்லத் தோன்றுகிறது. இது முன்மாதிரி இல்லாத யோசனையல்ல. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் 1949 முதல் 1965 வரையில், தன் முதல் சுற்று உரிமையை விட்டுக்கொடுக்கும் அணி, தன் பிராந்தியத்து வீரர் ஒருவரை எல்லோருக்கும் முன்னதாக எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி இருந்தது. வில்ட் சேம்பர்லின் என்ற மகா வீரரைப் பிலடெல்பியா 1959-ல் அப்படித்தான் பெற்றது. நம் ஐ.பி.எல். போட்டியிலேயே முதல் ஆண்டில், ஒவ்வோர் அணியிலும் சுற்றுவட்டாரத்து வீரர்கள் நால்வராவது இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தார்கள். நாளடைவில் அதைக் கைவிட்டார்கள். தமிழ்நாடு லீக்கிலும், ஒவ்வோர் அணிக்கும் தன் ஜில்லாவில் பதிவு பெற்ற ஒரே ஒரு வீரர் விஷயத்தில் சலுகை அளித்தால் என்ன?

முன்னுரிமை கொடுத்துவிட்டால் வீரருக்கு உரிய விலை கிடைக்காமல் போகுமே என்று ஆட்சேபிக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. ஏலம் வழக்கம்போல் நடக்கட்டும். இறுதியில் எந்த அணி எவ்வளவு கேட்டு நிற்கிறதோ, அதே தொகையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளும் உரிமை மட்டும் சொந்த ஊர் அணிக்கு இருக்கட்டும். ஐ.பி.எல். ஏலங்களில் பழைய அணிக்கு இவ்வுரிமையை 2014-லிருந்தே அவ்வப்போது அளித்து வந்திருக்கிறார்கள். வீரருக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. கிளப்புகள் மலிந்த சென்னைக்கு இதனால் அனுகூலம் அதிகம் என்பார்கள். ஒருவருக்கு மேல் கிடையாது என்று வரம்பு கட்டியபின், சேப்பாக்கத்துக்குப் பின்னால் நூறு பேர் நின்றாலும் அவர்கள் எடுக்கக்கூடியவர் ஒருவரே.

இந்த விதி 2024-ல் இருந்திருந்தால், 11 லட்சத்து 25 ஆயிரம் என்று திருப்பூர் கேட்டு நிறுத்திய கணத்தில், சேலத்தின் மேஜைக்குத்தான் கேள்வி வந்திருக்கும். எந்த வாரம் அழைப்பு வருமோ, எந்த வாரம் உடம்பு இடங்கொடுக்காதோ என்ற நிச்சயமின்மையோடு அந்தத் தொகையைக் கொடுப்பதா, அதைக் கொண்டு பெயர் தெரியாத மூன்று இளைஞர்களை வாங்குவதா என்று அவர்கள் தீர்மானித்திருக்க வேண்டும். கொடுக்க வேண்டும் என்றே நான் சொல்லியிருப்பேன். வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்களும் ஓமலூர்க் கடைத்தெருவிலேயே இருந்திருப்பார்கள், அவர்கள் வாதமும் அற்பமானதாக இராது.

ஒரு விவரத்தை மட்டும் சேர்க்க வேண்டும். எட்டே அணிகள் இருக்கும் லீக்கில், சொந்த அணி இல்லாத ஜில்லாக்கள் பல. அவற்றை அருகிலுள்ள அணியோடு இணைத்தாக வேண்டும். நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மூன்றையும் சேலத்தோடு இணைத்தால், 1965-க்கு முன்னிருந்த பழைய சேலம் ஜில்லா இந்த ஒரு காரியத்துக்காக மறுபடியும் ஒன்றாகும்; ராசிபுரத்துப் பையனுக்கும் பாலக்கோட்டுப் பையனுக்கும் ஏலத்தன்று தம் பெயர் எந்த மேஜையின் கவனத்தில் இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.