மில்லிமீட்டரோடு நின்றுவிடும் படிக்கட்டு

ஒரு கிலோமீட்டர் ஆயிரம் மீட்டர். ஒரு மீட்டர் ஆயிரம் மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் ஆயிரம் மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் ஆயிரம் நானோமீட்டர். நெடுஞ்சாலையின் நீளம் முதல் வைரஸின் குறுக்களவு வரை எதையும் இந்த நான்கு வரிகளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்கு இறங்கினால் பெருக்கல், ஏறினால் வகுத்தல். அலகு சிறுத்தால் எண் பெருக்கும் என்ற ஒன்று மனத்தில் இருந்தால், எதைப் பெருக்குவது, எதை வகுப்பது என்ற குழப்பம் எழாது.

தொடக்கப் பள்ளியில் இந்தக் கணக்கு ஒரு படிக்கட்டாகக் கற்பிக்கப்படுகிறது. மேலே கிலோமீட்டர், பின் ஹெக்டோமீட்டர், டெக்காமீட்டர், மீட்டர், டெசிமீட்டர், சென்டிமீட்டர், கடைசியில் மில்லிமீட்டர். படிக்குப் படி பத்து. ஏழு படிகளில் நடைமுறையில் புழங்குபவை நான்கே. ஹெக்டோமீட்டரையும் டெக்காமீட்டரையும் பாடநூலுக்கு வெளியே காண்பது அரிது. ஆனால் படிக்கட்டின் உண்மையான குறை வேறு. அது மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே உள்ளவை சில வகுப்புகள் தாண்டி, அறிவியல் பாடத்தில், பத்தின் எதிர்க்குறி அடுக்குகளாக வேறொரு அட்டவணையில் வருகின்றன. முன்பு படித்த படிக்கட்டின் தொடர்ச்சிதான் இது என்று யாரும் சொல்லாவிட்டால் மாணவருக்கு அது தெரியாமலே போகும். பத்துப் பத்தாக இறங்கிப் பழகியவர், மில்லிமீட்டரை அடுத்து மைக்ரோமீட்டரைப் பார்த்ததும் அங்கும் பத்தால் பெருக்குகிறார். விடை நூறு மடங்கு பிசகுகிறது.

பெயர்களிலேயே இந்த மாற்றம் தெரிகிறது. கிலோ என்பது ஆயிரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தும், மில்லி என்பது அதே ஆயிரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தும் வந்தவை. பிரான்சின் 1795-ஆம் ஆண்டுச் சட்டம் பெருக்கத்துக்குக் கிரேக்கத்தையும் பகுப்புக்கு லத்தீனையும் எடுத்துக்கொண்டது. மைக்ரோவுக்கும் நானோவுக்கும் எண் பொருள் கிடையாது. முதலாவது சிறியது என்றும், இரண்டாவது குள்ளன் என்றும் பொருள்படும் சொற்களிலிருந்து பிறந்தவை. ஆகவே சொல்லை வைத்து அளவை ஊகிக்க முடியாது. ஆயிரம் என்பதை நினைவில்தான் வைத்திருக்க வேண்டும்.

சிறிய அலகில் நேரும் பிழை பெரிய அலகில் என்னவாகும் என்பதற்கு மீட்டரின் பிறப்பே சான்று. 1791-இல் பாரிஸ் அறிவியல் கழகம், வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்று வகுத்தது. அதைக் கண்டறிய தெலாம்பர், மெஷேன் என்ற இருவர் 1792 முதல் 1798 வரை டன்கர்க்குக்கும் பார்சிலோனாவுக்கும் இடையே நிலத்தை அளந்தனர். அந்த அளவைக் கொண்டு 1799-இல் உருவான பிளாட்டினச் சட்டம், இருக்க வேண்டிய நீளத்தைவிட ஏறத்தாழ 0.2 மி.மீ. குட்டை என்பது பின்னர் தெரியவந்தது. பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையானது என்பதைச் சரியாகக் கணிக்காததே முக்கியக் காரணம். மீட்டருக்கு 0.2 மி.மீ. என்றால் ஒரு கோடி மீட்டருக்கு 20 லட்சம் மி.மீ. அது 2,000 மீட்டர். அதாவது 2 கி.மீ. துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை 10,000 கி.மீ. என்று வராமல் 10,002 கி.மீ. என்று வருவது இதனால்தான். இன்றைய மீட்டருக்குப் பூமியும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியில் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்துக்குள் கடக்கும் தொலைவே மீட்டர்.

தமிழில் கணக்கிடுவோருக்குத் தனியாக ஓர் இடறல் உண்டு. மெட்ரிக் முன்னொட்டுகள் ஆயிரம் ஆயிரமாக நகர்கின்றன. நம் எண்ணுப் பெயர்களோ ஆயிரத்துக்கு மேல் நூறு நூறாக லட்சம், கோடி என்று ஏறுகின்றன. ஒரு கிலோமீட்டர் 10 லட்சம் மில்லிமீட்டர். 100 கோடி மைக்ரோமீட்டர். ஒரு லட்சம் கோடி நானோமீட்டர். 10, 100, 1 என்று முன்னால் நிற்கும் எண் மாறிக்கொண்டே போவதால் ஒழுங்கு கண்ணில் படுவதில்லை. பத்தின் அடுக்காக எழுதினால் 6, 9, 12 என்று அது பளிச்சென்று தெரியும். அடுக்குகளை மேல் வகுப்புக்குத் தள்ளாமல், இந்தப் பாடத்தோடு சேர்த்தே அறிமுகப்படுத்த இது போதிய காரணம். நுண்மையை எண்ணுவது தமிழுக்குப் புதிதும் அல்ல. அணுவில் தொடங்கி எட்டெட்டாகப் பெருக்கி எள், நெல் வழியே விரலை எட்டும் வரிசை பழைய கணக்கு மரபில் உண்டு. ஆனால் விரலுக்கு மேல் 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம் என்று பெருக்கும் எண் மாறிவிடும். பூக்கடையில் முழம் இன்றும் நிலைத்திருக்கிறது. அதைக் கொண்டு அணுவுக்கு இறங்குவதுதான் கடினம்.

நீளத்திலிருந்து பரப்புக்கும் கன அளவுக்கும் போகும்போது பிழை இன்னும் பெரிதாகிறது. மீட்டருக்கு 100 செ.மீ. என்பதால் சதுர மீட்டருக்கும் 100 சதுர செ.மீ. என்று எழுதுவது வகுப்பறையில் அடிக்கடி காணும் தவறு. சரியான விடை 10,000. கன மீட்டரில் 10 லட்சம் கன செ.மீ. டெங்குக் காலத்தில் வீட்டுக்கு வீடு பேசப்படும் தட்டணு எண்ணிக்கையிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. ஒன்றரை லட்சம் என்பது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு. அதுவே ஒரு கன மில்லிமீட்டர். மில்லியைக் கனப்படுத்தினால் மைக்ரோ எப்படி வரும்? லிட்டர் என்பது ஒரு கன டெசிமீட்டர். மில்லிமீட்டர் டெசிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நூறைக் கனப்படுத்தினால் 10 லட்சம். வழக்கொழிந்த டெசிமீட்டர் இங்கே பயன்படுகிறது.

மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கருவி எதுவும் வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் 500 தாள் கொண்ட சாதாரண ஏ4 கட்டு இருக்கும். பள்ளி அளவுகோலை அதன் பக்கவாட்டில் நிறுத்தினால் உயரம் ஏறத்தாழ 5 செ.மீ. அது 50 மி.மீ. 500-ஆல் வகுத்தால் ஒரு தாளின் தடிமன் 0.1 மி.மீ., அதாவது 100 மைக்ரோமீட்டர். மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோலே இப்படி மைக்ரோமீட்டரைச் சொல்லிவிடுகிறது. அந்தத் தாளையே இனி அளவாக வைத்துக்கொள்ளலாம். தலைமுடி பெரும்பாலும் அதைவிடச் சற்று மெல்லியது. ரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். பன்னிரண்டு, பதின்மூன்றை வரிசையாக வைத்தால் ஒரு தாளின் தடிமன் வரும். காற்று மாசு அறிக்கைகளில் வரும் பிஎம் 2.5 துகள்களில் மிகப் பெரியவையே நாற்பது அடுக்கினால்தான் ஒரு தாள்.

மைக்ரோமீட்டரின் பழைய பெயர் மைக்ரான். அனைத்துலக அளவீட்டு முறை 1967-68-இல் அதைக் கைவிட்டுவிட்டது, வழக்கு கைவிடவில்லை. பிளாஸ்டிக் பைகளுக்கான மத்திய அரசின் விதி 2016-இல் 50 மைக்ரான் என்றும், 2021 செப்டம்பர் 30 முதல் 75 என்றும், 2022 டிசம்பர் 31 முதல் 120 என்றும் குறைந்தபட்சத் தடிமனை உயர்த்தியது. 120 மைக்ரான் என்பது 0.12 மி.மீ.; ஒரு தாளைவிடச் சற்றே கனம். பள்ளி ஆய்வகத் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ., அதாவது 10 மைக்ரான். 75-ஐயும் 120-ஐயும் பிரித்துச் சொல்ல அதுவே போதும். சட்டம் மைக்ரானில் பேசும் நாட்டில், அந்த எண்ணைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சி கணக்கு வகுப்பிலேயே கிடைத்திருக்க வேண்டும்.

மைக்ரோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அற்பம் ஆகிவிடாது. 1990-இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் முதன்மை ஆடி 2.4 மீட்டர் விட்டம் கொண்டது. அதைச் சோதிக்கும் கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. தள்ளிப் பொருத்தப்பட்டிருந்ததால், ஆடியின் விளிம்பு ஏறத்தாழ 2.2 மைக்ரோமீட்டர் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே அலகில் எழுதினால் ஆடி 24 லட்சம், வில்லையின் பிசகு 1,300, விளிம்பின் குறை 2.2. அந்த 2.2-ஆல் படங்கள் மங்கின. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும் ஒளியியல் கருவிகளைப் பொருத்திய பிறகே தெளிந்தன.

அடுத்த ஆயிரம் நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். கரோனா வைரஸ் சுமார் 100; மேற்சொன்ன தாளின் தடிமனில் ஆயிரம் வைரஸ்கள் அடங்கும். டிஎன்ஏ இழையின் அகலம் 2. கைப்பேசி விளம்பரங்களில் வரும் 3 நானோமீட்டர் சிப் என்பது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது ஒரு தயாரிப்புத் தலைமுறையின் பெயர். அந்தச் சிப்பில் அடுத்தடுத்த டிரான்சிஸ்டர்களின் இடைவெளி பல பத்து நானோமீட்டர். அளவைக் குறிக்காத எண்ணுக்கு அலகின் பெயரை ஒட்டுவது வாங்குவோரைக் குழப்பும் வேலை.

அணுவின் குறுக்களவு 0.1 நானோமீட்டர் என்ற வரிசையில் வரும். இதையே ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பார்கள். 10 ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர். இன்னும் ஆயிரம் இறங்கினால் பிக்கோமீட்டர், அதற்கும் கீழே ஃபெம்டோமீட்டர். 0.1 நானோமீட்டர் என்பது 100 பிக்கோமீட்டர், அல்லது ஒரு லட்சம் ஃபெம்டோமீட்டர். அணுக்கருவுக்குள் இருக்கும் புரோட்டானின் குறுக்களவு 1.7 ஃபெம்டோமீட்டர் அளவுதான்.