சிலேட்டும் நோட்டும்

அடுப்படியில் நிற்கும்போது ஒரு நல்ல யோசனை வருகிறது. பஸ்ஸில் போகும்போது ஒரு பாட்டின் முதல் அடி தோன்றுகிறது. இரவு படுத்த பிறகு, குழந்தைக்குச் சொல்ல ஒரு புதுக் கதை மனதில் ஓடுகிறது.

"காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தூங்கிவிடுகிறோம்.

காலையில் எழுந்தால் கதையைக் காணோம்! "ஏதோ நன்றாக இருந்ததே" என்ற ஏக்கம் மட்டும் மிஞ்சுகிறது.

இது எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். இதற்கு மருந்து உண்டு. விலையும் அதிகம் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில். அவ்வளவுதான்.

"நோட்டு எழுதுவது பெரிய படிப்புப் படித்தவர்கள் வேலை. நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அப்படி ஒதுங்குவது சரி அல்ல. ஏன் என்று சொல்லுகிறோம்.

திண்ணையில் ஒரு சிலேட்டு

கணித மேதை ராமானுஜன் 1887-ம் ஆண்டு ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். ஏழைக் குடும்பம். எந்த நேரமும் கணக்கு, கணக்கு என்றே இருந்ததால் மற்றப் பாடங்கள் ஏறவில்லை. கல்லூரிப் பரீட்சையில் தோற்றார்.

காகிதம் வாங்கப் போதிய பணம் இல்லை. ஆகவே, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மடியில் சிலேட்டை வைத்துக் கணக்குப் போடுவார். சிலேட்டு நிறைந்ததும் முழங்கையால் அழிப்பார். மறுபடியும் எழுதுவார். மறுபடியும் அழிப்பார். கடைசியில் கிடைத்த முடிவை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைப்பார்.

அவருக்கு நினைவாற்றல் குறைவா? இல்லை. அவருடைய ஞாபக சக்தியைக் கண்டு கூடப் படித்தவர்கள் வியந்தார்கள். அப்படிப்பட்டவரே ஞாபகத்தை நம்பி இருந்துவிடவில்லை. நாம் எம்மாத்திரம்?

1910-ம் ஆண்டு அவர் வேலை தேடித் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் ராமசாமி அய்யர். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரும் அவரே. ராமானுஜனிடம் காட்டுவதற்குக் கல்லூரிப் பட்டம் இல்லை. நோட்டைத்தான் காட்டினார்.

நோட்டைப் புரட்டிய அய்யர் திகைத்தார். இந்த இளைஞரைச் சாதாரணக் குமாஸ்தா வேலையில் போட்டு முடக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் உள்ள கணிதம் அறிந்தவர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

பட்டம் திறக்காத கதவை நோட்டு திறந்தது!

1912-ல் ராமானுஜனுக்குச் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. 1913-ல் இங்கிலாந்தில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-ல் கப்பல் ஏறினார். 1920-ல், 32 வயதிலேயே காலமானார்.

ஆனால் நோட்டுகள் இருந்தன. 1957-ல் அவற்றைப் பம்பாயில் உள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையம் அப்படியே படம் பிடித்து வெளியிட்டது. 1976-ல் அவருடைய கையெழுத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள், கேம்பிரிட்ஜ் நூல் நிலையம் ஒன்றில் மறுபடியும் கண்டெடுக்கப்பட்டன. கண்டெடுத்தவர் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர்.

நோட்டில் இருந்தவை பெரும்பாலும் முடிவுகள்தான். அந்த முடிவுக்கு வந்த வழி? அது சிலேட்டோடு போய்விட்டது! அந்த வழிகளைத் தேடிக் கண்டுபிடிக்க மற்ற அறிஞர்கள் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியதாயிற்று. பெர்ண்ட் என்ற அறிஞர் 1985 முதல் 1998 வரை ஐந்து பெரிய தொகுதிகள் வெளியிட்டுத்தான் அந்த வேலையை முடித்தார்.

சிலேட்டில் இருந்தது அழிந்தது. நோட்டில் ஏறியது நின்றது.

நமது மனமும் ஒரு சிலேட்டுத்தான். நாளையக் கவலை என்ற முழங்கை எப்பொழுதும் அதை அழித்துக்கொண்டே இருக்கிறது.

சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள்

"எழுதும்படி நம் வாழ்க்கையில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஆனந்தரங்கம் பிள்ளையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் புதுச்சேரியில் வியாபாரி. பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேக்குத் துபாஷாக இருந்தவர். 1736-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். எந்தக் கப்பல் வந்தது, யார் என்ன பேசினார், ஊரில் என்ன வழக்கு நடந்தது என்று தம் காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் எழுதினார். இடையிடையே விட்டுப் போனாலும், 1761-ல் இறக்கும் காலம்வரை இந்தப் பழக்கத்தைக் கைவிடவில்லை.

அன்று அது ஒரு வியாபாரியின் சொந்தக் குறிப்பு. இன்று அது சரித்திரம்! அந்தக் காலத்துப் புதுச்சேரியைப் பற்றி எழுதுகிற எவரும் அதைப் புரட்டாமல் எழுத முடியாது.

ஒரு சிறு குறிப்பு பெரிய நூலாக வளர்வதும் உண்டு. டார்வின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1837-ல் தம் நோட்டில் கிளை விட்ட மரம் போல ஒரு சிறு படம் கிறுக்கினார். உயிர்கள் ஒன்றில் இருந்து ஒன்று கிளைத்து வந்திருக்கலாம் என்ற யோசனையே அந்தப் படம். அதைப் பற்றிய அவருடைய புகழ் பெற்ற நூல் வெளிவந்தது 1859-ல். இடையே 22 ஆண்டுகள்! விதையைப் பத்திரப்படுத்தியதால்தான் பிறகு அது மரம் ஆயிற்று.

உங்கள் வீட்டுச் செல்வம்

நாம் எல்லோரும் ராமானுஜன் ஆகிவிட முடியாது. அது தேவையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் காப்பாற்ற வேண்டிய செல்வம் இருக்கிறது.

பாட்டி பாடுகிற தாலாட்டு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அவள் தன் தாயிடம் கேட்டதும், தானே சேர்த்ததுமாக அது அவளோடு வளர்ந்தது. அவள் கண்ணை மூடிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

புதுக் கோலம் போடுகிற பெண் அதை மறுநாள் தானே பெருக்கிவிடுகிறாள். தையற்காரர் ஒரு புது மாதிரிக் கழுத்து வெட்டுகிறார். துணி போனதும் மாதிரியும் போய்விடுகிறது. தச்சரும், கொத்தனாரும், சமையற்காரரும் தினம் ஏதாவது ஒரு புது வழி கண்டுபிடிக்கிறார்கள். குறித்து வைப்பவர் எத்தனை பேர்?

கற்பனை சிலருக்கு மட்டும் கிடைத்த வரம் அல்ல. எல்லோருக்கும் வருகிறது. பிடித்து வைப்பவருக்குத்தான் மிஞ்சுகிறது.

எப்படி எழுதுவது?

கைக்கு அடக்கமான நோட்டாக இருக்கட்டும். யோசனை வந்த உடனே எழுதுங்கள். மேலே தேதி போடுங்கள். ஒரு வரி போதும். படமாகவும் இருக்கலாம். பத்திரிகையில் பிடித்த படத்தை வெட்டி ஒட்டலாம். சந்தையில் காதில் விழுந்த நல்ல பழமொழியை எழுதலாம். எங்கே, யாரிடம் கேட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

முடிவை மட்டும் எழுதாதீர்கள். எப்படித் தோன்றியது என்ற வழியையும் எழுதுங்கள். ராமானுஜன் கதை நமக்குச் சொல்லும் பாடம் இது.

செல்போனில் குறித்தாலும் சரிதான். ஆனால் குறித்ததைத் திரும்பப் பார்க்க வேண்டும். படிக்காத குறிப்பு, பெட்டியில் பூட்டிய விதைநெல். வாரத்துக்கு ஒரு நாள் முதல் பக்கத்தில் இருந்து புரட்டுங்கள். போன மாதத்து வரியும் இன்றைய வரியும் சேர்ந்து மூன்றாவது ஒன்று பிறப்பதைக் காண்பீர்கள்.

அண்மையில் எழுத்துக் கற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. "எழுத்துப் பிழை வருமே" என்று வெட்கப்படாதீர்கள். உங்கள் நோட்டுக்கு வாத்தியார் இல்லை. மார்க்கும் இல்லை. பேசுகிற மாதிரியே எழுதுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு மட்டுமா எழுத்தைக் கற்றீர்கள்? உங்கள் மனதில் இருப்பதை நீங்களே எழுதும்போதுதான் கற்ற எழுத்து உங்களுக்குச் சொந்தம் ஆகிறது.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. மனைவியின் நோட்டையோ, மகளின் நோட்டையோ கேட்காமல் திறக்காதீர்கள். தப்புக் கண்டுபிடித்துச் சிரிக்காதீர்கள். ஒரு கேலிச் சிரிப்பு போதும், பென்சில் மறுபடியும் எழும்பாது. அவர்களாகப் படித்துக் காட்டினால் அன்போடு கேளுங்கள்.

பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதாத நாலு பக்கம் எப்படியும் இருக்கும். பாட்டியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். "அந்தத் தாலாட்டைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

முதல் பக்கம் அதுவாகவே இருக்கட்டும்.