தீவுக்குப் போகும்போது மட்டும் கட்டணம்

பினாங்குப் பாலத்தைக் கடந்த அனைவருக்கும் தெரிந்த செய்தி ஒன்று உண்டு. பிறையிலிருந்து தீவுக்குப் போகும் கார்தான் சுங்கம் கட்டும். தீவிலிருந்து திரும்பும் காரை யாரும் நிறுத்துவதில்லை. முன்பு பெரியிலும் அதே வழக்கம்தான் இருந்தது. பட்டர்வொர்த்தில் ஏறினால் காசு. ஜார்ஜ்டவுனில் ஏறினால் இலவசம். திரும்பி வருவது சும்மா என்று சிறுவயதில் மகிழ்ந்திருக்கிறேன். இரண்டு வழிக்கும் சேர்த்துப் போகும்போதே வாங்கிவிடுகிறார்கள் என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

சென்ற ஆண்டு இன்னொரு தீவுக்குச் சரக்கு அனுப்பப் போனபோது அதே பாடத்தை மறுபடியும் படித்தேன். இம்முறை பாடத்துக்கான கட்டணம் சற்று அதிகம்.

என் அக்கா ஆசிரியை. போர்னியோ தீவில், சபாவின் சண்டாக்கான் நகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் உள்ளே போனால் வரும் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறார். பக்கத்துச் செம்பனை ஆலையில் தீபகற்பத்திலிருந்து போன இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. நம் நாட்டின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அனைத்தும் தீபகற்பத்தில்தான் உள்ளன. சபாவிலும் சரவாக்கிலும் ஒன்றுகூட இல்லை. அக்கா சனிக்கிழமைகளில் அந்தப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். புத்தகம் வேண்டும் என்றார்.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்துப் பாடநூல்கள் அம்மாவின் அலமாரியில் பத்திரமாக இருந்தன. தோழர்கள் கதைப் புத்தகங்கள் தந்தார்கள். எட்டுப் பெட்டிகள் சேர்ந்தன. அஞ்சலில் கிலோ கணக்கில் விசாரித்தபோது மலைப்பாக இருந்தது. கப்பலில் அனுப்பலாம் என்று பட்டர்வொர்த்தில் ஒரு சரக்கு முகவரிடம் போனோம்.

விலைப்பட்டியல் வந்தது. கடல் கட்டணம் ஒரு வரி. அதன்கீழே எரிபொருள் மிகைக் கட்டணம், துறைமுகக் கையாளல், ஆவணக் கட்டணம், அங்கே இறக்கும் கூலி, லோரி வாடகை என்று வரிசை நீண்டது. முதல் வரியை விட மற்ற வரிகளின் கூட்டுத்தொகை அதிகம். அக்காவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.

"பாதிய எடுத்துருடா தம்பி. கதைப் புத்தகமெல்லாம் இப்ப வேணாம். பாடநூல் மட்டும் போதும்," என்றார்.

நான்கு பெட்டிகளை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனோம். மறுநாள் புதிய பட்டியல் வந்தது. ஒரு காசுகூடக் குறையவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மினிமம் சார்ஜ்" என்ற இரண்டு சொல்லோடு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார் முகப்பில் இருந்தவர். பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவர நேரமில்லை. சரக்கு அன்று மாலை போயிற்று.

அதன்பின் உட்கார்ந்து படித்தேன். முன்னரே படித்திருக்க வேண்டியது. கப்பல் சரக்குக்கு இரண்டு அளவுகள்: எடை, இடம். ஆயிரம் கிலோவும் ஒரு கன மீட்டரும் சமம் என்று வைத்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். மெத்தை அனுப்புகிறவர் இடத்துக்குக் கொடுப்பார். இரும்பு அனுப்புகிறவர் எடைக்குக் கொடுப்பார். ஒரு கொள்கலனைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையில், ஒரு கன மீட்டருக்குக் குறைவாக இருந்தாலும் ஒரு கன மீட்டருக்கே பணம் கட்டுவது பொதுவான வழக்கம். எங்கள் எட்டுப் பெட்டிகளும் சேர்ந்தே அந்த அளவைத் தொடவில்லை. ஆகவே எட்டுக்கும் நான்குக்கும் ஒரே விலை. அந்தப் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களை எடுத்து வைத்தது எங்கள் அறியாமை.

சரக்குக்கு வேறு விதிகளும் உண்டு. பெயிண்ட், எரிவாயுத் தோம்பு, லித்தியம் மின்கலம் போன்றவை ஆபத்தான சரக்குப் பட்டியலில் வரும். அறிவிக்காமல் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. ஏற்றுமதிக் கொள்கலன்களை எடை பார்த்துச் சான்று காட்டாமல் கப்பலில் ஏற்ற முடியாது என்பது 2016 ஜூலை 1 முதல் அனைத்துலக விதி. இவற்றில் எனக்குக் குறை ஏதுமில்லை. கடலில் போகும் மாலுமியின் உயிர் சம்பந்தப்பட்டவை. விதிக்குக் காரணம் சொன்னால் மனம் ஏற்றுக்கொள்கிறது. என் குறை காரணம் சொல்லப்படாத வரிகளைப் பற்றியது.

அவற்றுள் முதன்மையானது எரிபொருள் மிகைக் கட்டணம். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் கப்பல் தொழிலில் நிலைபெற்ற வழக்கம் இது. எண்ணெய் விலை நாளுக்கு நாள் மாறும். கட்டண ஒப்பந்தமோ மாதக்கணக்கில் நிற்கும். இடைவெளியை நிரப்ப ஒரு தனி வரி. எண்ணெய் ஏறினால் அது ஏறும், இறங்கினால் இறங்கும் என்பது ஏற்பாடு. 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் எண்ணெய் 147 டாலரைத் தொட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காட்டுக்குக் குறைய வேண்டும் என்று அனைத்துலகக் கடல்சார் அமைப்பு விதித்தபோது, விலை கூடிய எரிபொருளுக்காகப் புதிய மிகைக் கட்டணங்கள் பிறந்தன. இவை எல்லாம் நியாயமான காரணங்கள்தாம். ஆனால் எந்த நாளின் எண்ணெய் விலையை அடிப்படையாகக் கொண்டு என் நான்கு பெட்டிகளுக்குக் கணக்குப் போட்டார்கள்? அடுத்த மறுஆய்வு எப்போது? பட்டியலில் அதற்கு விடை இல்லை. ஏறும்போது காரணம் சொல்கிறவர்கள் இறங்கும்போதும் சொல்ல வேண்டாமா?

சபா மக்கள் இந்தக் கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். 1980இல் வந்த கபோட்டாஜ் கொள்கையின்படி உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே மலேசியக் கப்பல்களே சரக்கு ஏற்ற வேண்டும் என்றாயிற்று. பொருள் விலை ஏற இதுவே காரணம் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. 2017 ஜூன் 1 முதல் சபா, சரவாக், லாபுவானுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் விலை எதிர்பார்த்தபடி இறங்கவில்லை என்ற குறை தொடர்ந்து எழுந்தது.

காரணம் பாலத்துச் சுங்கச்சாவடியில் இருக்கிறது. தீபகற்பத்திலிருந்து கொள்கலன்கள் நிறைந்து போகின்றன. அங்கிருந்து வரும் முதன்மைச் சரக்கான செம்பனை எண்ணெய் பெரும்பாலும் எண்ணெய்க் கப்பலில் வருகிறது; கொள்கலனில் அல்ல. ஆகவே பல கொள்கலன்கள் வெறுமையாகத் திரும்புகின்றன. வெறும் பெட்டி திரும்பவும் கப்பல் எண்ணெய் எரிக்கத்தானே வேண்டும்? அந்தச் செலவும் போகும் சரக்கின் தலையில் ஏறுகிறது. சண்டாக்கானுக்கே இப்படி என்றால், குடாட்டிலிருந்து மேலும் ஒரு படகேறிப் போகும் பங்கித் தீவின் மளிகைக்கடைக்காரர் என்ன செய்வார்?

கப்பல் நிறுவனங்களை மட்டும் திட்டித் தீர்ப்பது எளிது, நியாயம் அன்று. வெறுமையாகத் திரும்பும் பெட்டிக்கு யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த 'யாராவது' எப்போதும் தீவில் இருப்பவராகவே இருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவும் தீவுதான். கடல் தாண்டும் கூடுதல் செலவு அத்தீவினரை மட்டும் அழுத்தக் கூடாது என்று 1976 முதல் அந்நாட்டு அரசு சரக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்று வருகிறது. நம் நாட்டிலும் உட்பகுதி மக்களுக்கு அரிசி, சீனி, மாவு, சமையல் எண்ணெய் போன்றவற்றைக் கொண்டுசேர்க்கும் போக்குவரத்துச் செலவை அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் புத்தகத்தையும் சேர்க்கலாமே! பள்ளிக்கூடமே இல்லாத ஊரில் தமிழ்ப் புத்தகமும் அத்தியாவசியப் பொருள்தான்.

அடுத்து, எரிபொருள் மிகைக் கட்டணத்தின் அடிப்படை விலை, கணக்கிடும் முறை, மறுஆய்வுத் தேதி மூன்றையும் பட்டியலிலேயே அச்சிட வேண்டும் என்று உள்நாட்டுச் சரக்கு முகவர்களுக்கு விதி வேண்டும். குறைந்தபட்சக் கட்டணம் எந்த அளவு வரை என்பதை, பெட்டியை வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். இதனால் எந்த நிறுவனமும் நட்டப்படப் போவதில்லை.

இதைப் பினாங்குக்காரர்கள் கேட்பது பொருத்தம் என்று நினைக்கிறேன். 1985இல் பாலம் திறக்கும் வரை நாமும் கடல் தாண்டியே அரிசி வாங்கியவர்கள். என் தாத்தா இளவயதில் இந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து தொங்கானில் இறக்கி, கரைக்குக் கொண்டுவந்து, தோளில் ஏற்றிக் கிட்டங்கிக்குப் போன காலம். எத்தனை மூட்டை, எவ்வளவு கூலி என்பதை விரல்விட்டு எண்ணி வைத்திருப்பாராம். எழுதப் படிக்கத் தெரியாத அவரைக் கணக்கில் யாரும் ஏமாற்றியதில்லை என்பார் அப்பா. பட்டப்படிப்புப் படிக்கும் பேரன் ஒரு பட்டியலைப் படிக்கத் தெரியாமல் நான்கு பெட்டிகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கடல் கடந்து பொருள் தேடச் சொன்ன ஔவையாரின் கொன்றைவேந்தனைத் தமிழ்ப்பள்ளியில் மனனம் செய்தவர்கள் நாம். கடல் கடந்து பொருள் போய்ச் சேரும் கணக்கையும் கற்றுக்கொள்வோம். அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியதைச் செய்யட்டும். நாம் செய்யக்கூடியது ஒன்று கையிலேயே இருக்கிறது. தனித்தனியாக அனுப்பினால் ஒவ்வொருவரும் ஒரு கன மீட்டருக்குக் கட்டுவோம். சேர்ந்து அனுப்பினால் அந்த ஒரு கன மீட்டர் நிறையும், செலவு பிரியும். ஆண்டுக்கு ஒருமுறை நம் தமிழ்மொழிக் கழகம் வட மாநிலங்களிலிருந்து புத்தகம் திரட்டி, ஒரே சரக்காகச் சபாவுக்கு அனுப்பலாம். முன்னாள் மாணவர்களில் துறைமுகத்திலும் சரக்குத் தொழிலிலும் இருப்பவர்கள் வழிகாட்டினால் இன்னும் எளிது.

அந்த நான்கு பெட்டிகளும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் இருக்கின்றன. அக்காவின் மாணவர்களில் மூத்தவள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளாம். கதைப் புத்தகம் எப்போது வரும் என்று கேட்கிறாளாம். ஒரு கன மீட்டரில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. அதை நிரப்ப வாருங்கள்.