நோய்க்கும் முகவரி உண்டு



ஒரு சரக்கு வாகன் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று கேட்டால், ரயில்வே குமாஸ்தாக்களாகிய நாம் அதன் எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவோம். தாராவியில் எந்தச் சந்தில் காசநோய் அதிகம் என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறதா? நம் சந்தில் ஒரே வரிசையில் மூன்று வீடுகளில் இருமல் வந்தது. மூன்று வீட்டாரும் மூன்று இடங்களில் மருந்து வாங்கினார்கள். மூன்று சீட்டுகளிலும் முகவரி என்ற இடத்தில் ‘தாராவி’ என்று மட்டுமே எழுதியிருந்தது. அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தவர் எவருமில்லை.

இப்படிச் சேர்த்துப் பார்ப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. மருத்துவப் புவியியல் என்பார்கள், சுகாதாரப் புவியியல் என்பார்கள். டிகிரி முடித்தவர்கள் அதற்குமேல் படிப்பது. இது டாக்டர் படிப்பு அல்ல. டாக்டர் நோயாளியின் நாடியைப் பிடிக்கிறார், இவர்கள் தெருவின் நாடியைப் பிடிக்கிறார்கள். யாருக்கு நோய் என்பதோடு எங்கே நோய், ஏன் அங்கே என்று கேட்கிறார்கள். புள்ளிவிவரக் கணக்கு, நோய் பரவும் முறை, கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது, வீடுவீடாகக் கணக்கெடுப்பது ஆகியவற்றைக் கற்கிறார்கள்.

இந்த வழிக்குப் பழைய சான்று லண்டனில் இருக்கிறது. 1854இல் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா பரவி அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், சாவு விழுந்த வீடுகளை வரைபடத்தில் குறித்தார். அவை ஒரு தண்ணீர் பம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதி செய்தது 1884இல்தான். கிருமியின் பெயர் தெரியும் முன்பே வரைபடம் பம்பைக் காட்டிவிட்டது.

இந்தக் கதையில் இன்னொருவரும் உண்டு. அவர் அந்த வட்டாரத்துப் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட். ஸ்நோ சொன்னது தவறு என்று காட்டக் கிளம்பியவர் அவர். தெருவில் ஒவ்வொரு குடும்பத்தையும் அறிந்தவர் ஆதலால் வீடுவீடாக விசாரித்தார். பம்புக்கு அருகே ஒரு வீட்டுக் குழந்தையின் பேதி கலந்த நீர்தான் கிணற்றில் கசிந்தது என்பதற்குத் துப்புக் கொடுத்தவர் அவரே. வரைபடம் போடத் தெரிந்தவர் மட்டும் போதாது. தெருவைத் தெரிந்தவரும் வேண்டும். நமக்கு இதில் உள்ள பாடம் இதுதான்.

நம் ஊருக்கு வருவோம். 2020 ஜூலையில் மும்பை மாநகராட்சியும் நிதி ஆயோக்கும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் வார்டுகளில் ரத்தம் எடுத்துச் சோதித்தன. குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்குக் கொரோனா தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. அதே வார்டுகளின் மற்ற இடங்களில் 16 பேருக்குத்தான். ஒரே வார்டு, ஒரே மழை, ஒரே காற்று. நடுவே இருந்தது வீட்டின் அளவும் பொதுக் கக்கூசும்.

குடிசையை இடித்து அடுக்குமாடி கட்டினால் எல்லாம் தீருமா? கோவண்டியின் லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரேக் காம்பவுண்டு மறுகுடியமர்த்தல் கட்டடங்களைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கட்டடங்களை நெருக்கிக் கட்டியதால் வெயிலும் காற்றும் புகாத வீடுகளுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை அது எடுத்துக்காட்டியது. 1976இல் ஜனதா காலனியிலிருந்து சீத்தா கேம்புக்குப் பெயர்க்கப்பட்ட நம் குடும்பங்களுக்கு, பிறர் போட்ட கோட்டில் போய் வாழ்வது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று தாராவி மறுசீரமைப்பில் நம்மை எங்கே வைப்பது, சன்னலுக்கும் சன்னலுக்கும் எத்தனை அடி விடுவது என்று கோடு போடுகிறார்கள். அந்த மேசையில் நம் பிள்ளை ஒருவராவது உட்கார வேண்டாமா?

‘வரைபடத்தில் குறித்தால் நமக்குத்தான் கெட்ட பெயர்’ என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 2020இல் தாராவி என்று சொன்னதும் வேலைக்கு வராதே என்ற முதலாளிகளை நாம் பார்த்தோம். ஆனால் குறிக்காமல் விட்டதால் நோய் போய்விட்டதா? எவருடைய வீடு என்று வெளியே தெரியாமல் எந்தச் சந்து என்று மட்டும் காட்டும் முறையும் இந்தப் படிப்பில்தான் இருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை நம் மீது அக்கறை உள்ளவர் கையில் கொடுப்பதே பாதுகாப்பு.

படிக்க இடமா இல்லை? 1956இல் தொடங்கிய சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் கோவண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொதுச் சுகாதார முதுகலை நடத்தும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் அங்கே தேவனாரில்தான். டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் புவியியலுக்கு ஒரு மையமும் சமூக மருத்துவத்துக்கு ஒரு மையமும் உண்டு. ஹார்பர் லைனில் கோவண்டியைத் தாண்டிக் கம்பெனி வேலைக்குப் போகும் நம் பட்டதாரிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பி.காம். முடித்தால் கணக்கு எழுதுவது, பி.ஏ. முடித்தால் கிடைத்த வேலை என்று நாமே அவர்களுக்குக் கோடு போட்டுவிட்டோம். பத்தாவதோடு நின்ற நமக்கு அதற்கு மேல் தெரியவில்லை. இனி அந்தச் சாக்கு செல்லாது.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறோம். ஒன்று: புவியியல், பொருளாதாரம், புள்ளியியல் படிக்கும் நம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கிளைதோறும் எடுப்போம். இரண்டு: நுழைவுத் தேர்வுக்கு மனுப் போடவும் கட்டணம் கட்டவும் துணை நிற்போம். மூன்று: நம் சந்துகளின் பெயர், குழாய், கக்கூஸ், சாக்கடை எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாமே எழுதத் தொடங்குவோம். நாளை படித்து வரும் பிள்ளைக்கு அதுவே முதல் பாடப்புத்தகம்.

அதற்கு முன் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. அடுத்த முறை ஆஸ்பத்திரியில் முகவரி கேட்டால் ‘தாராவி’ என்பதோடு நிறுத்தாதீர்கள். சந்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.