கம்பத்துக்குச் சாதி இல்லை, மார்க் போடுகிறவனுக்கு உண்டு

செண்பகத்தோப்பில் பளியர்கள் தேன் எடுக்க ஏறுகிற உயரத்துக்கு யாரும் மார்க் போடுவதில்லை. கொடியைப் பிடித்து, கால்விரலால் மரத்தையும் பாறையையும் பற்றி ஏறுகிற அந்த உடம்பின் வேலைக்குக் 'கலை' என்று பெயரில்லை. 'பொழைப்பு' என்றுதான் பெயர். அதே பிடி, அதே தொங்கல், அதே மூச்சுக்கட்டு. ஆனால் சமதரையில் ஒரு கம்பத்தை நட்டு, தோரணம் கட்டி, நடுவர் மேசையைப் போட்டுவிட்டால் அது வீரக்கலை ஆகிவிடுகிறது. யார் ஏறினால் பொழைப்பு, யார் ஏறினால் கலை? இதைக் கேட்காமல் உடம்பைப் பற்றிப் பேச முடியாது தோழர்களே.

மேலைநாடுகளில் 'போல் டான்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. நட்டுவைத்த உலோகக் கம்பத்தில் ஆடுகிற ஆட்டம். அமெரிக்காவிலும் கனடாவிலும் மதுக்கூடங்களில் ஆடை களைந்து ஆடிப் பிழைத்த பெண்கள் வளர்த்தெடுத்தது. பிறகு அது உடற்பயிற்சி வகுப்பானது, போட்டியானது. 2009இல் அதற்கு ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு வந்தது. 2017இல் உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் சங்கம் அதற்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது. ஒலிம்பிக் ஆசையும் வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் நடந்தது. காசு கட்டிக் கற்றுக்கொள்ள வந்த வசதியான பெண்கள் சிலர், 'நான் ஆடை களைந்து ஆடுகிறவள் இல்லை' என்று வலைத்தளங்களில் முழக்கம் வைத்தார்கள். ஆட்டம் வேணும், ஆடுனவ வேண்டாம்!

நமக்கு இது புதுசா என்ன? சதிர் பரதநாட்டியம் ஆனபோது நடந்ததும் இதுதானே. 1936இல் கலாக்ஷேத்ரா வந்தது, 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டும் கொடுமை ஒழிய வேண்டியதுதான். முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தமும் போராடியது நியாயமான போராட்டம். ஆனால் கொடுமையை ஒழிக்கிற சாக்கில் ஆட்டத்தை மேல்சாதி வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டு, ஆடிய குடும்பங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சுத்திகரிப்பு என்றால் எப்போதும் இதுதான் அர்த்தம்: சரக்கு உள்ளே, சரக்கைச் செய்தவள் வெளியே.

அந்த அந்நிய ஆட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. ஒல்லியான, இளமையான, வெள்ளைத் தோல் உடம்புதான் கம்பத்துக்கு ஏற்றது என்ற நினைப்பை எதிர்த்து அங்கே சண்டை நடந்தது, நடக்கிறது. 40 வயது தாண்டியவர்களுக்கும் 50 தாண்டியவர்களுக்கும் தனிப் பிரிவு வந்தது. உடற்குறை உள்ளவர்களுக்குப் பிரிவு வந்தது. ஒரு கை மட்டுமே உள்ள ஆஸ்திரேலியப் பெண் டெப் ரோச் கம்பத்தில் ஆடிக் காட்டினார். பருத்த உடம்புக்காரர்கள் 'எங்களாலும் முடியும்' என்று மேடை ஏறினார்கள்.

நம்ம நாட்டில் இதற்கு நேரான ஒன்று மல்லர் கம்பம். மராட்டியத்தில் வளர்ந்தது; இங்கே விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள் நன்றாகவே செய்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டின் 'மானசோல்லாசம்' இதைக் குறிப்பிடுகிறது, பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் ஆசான் பாலம்பட்ட தாதா தேவதர் இதற்கு மறுவாழ்வு தந்தார் என்று பெருமையாக எழுதுவார்கள். அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தப் பேஷ்வா ஆட்சியில் புனேயில் தீண்டத்தகாதவர் கழுத்தில் எச்சில் கலயமும், இடுப்பில் தன் காலடித் தடத்தைத் தானே கூட்டிக்கொண்டு போகத் துடைப்பமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். அந்த நூல் வெளியான ஆண்டு 1936. அதே 1936இல்தான் அமராவதியிலிருந்து போன குழு பெர்லின் ஒலிம்பிக்கில் மல்லர் கம்பம் செய்துகாட்டியது. ஒருவனுக்கு உடம்பை வளைத்துக் காட்டக் கம்பம், இன்னொருவனுக்குக் கழுத்தில் கலயம். இரண்டும் ஒரே 'பாரம்பரியம்'தான்.

அதே புனேயில் நம்முடைய வரலாறும் இருக்கிறது. மாங் சாதியில் பிறந்த லகுஜி சால்வே அங்கே தாலிம் எனும் உடற்பயிற்சிக் கூடம் நடத்தினார். ஜோதிராவ் ஃபுலே அவரிடம்தான் உடற்பயிற்சி பழகினார். தீண்டத்தகாதவனின் கூடத்தில் மற்றவர்கள் வந்து வித்தை கற்றார்கள். ஆகவே 'எங்களையும் சேர்த்துக்கோங்க சாமி' என்று நாம் கெஞ்ச வேண்டியதில்லை. ஆசானாக இருந்தவன் கேட்கிற கேள்வி இது.

உடம்பு என்று வந்தால் துணியைப் பற்றியும் பேச வேண்டும். துணி கம்பத்தில் வழுக்கும், தோல்தான் பிடிக்கும். அதனால்தான் மல்லர் கம்பத்தில் பையன்கள் லங்கோடு கட்டுகிறார்கள்; அதனால்தான் அந்த நாட்டுப் பெண்கள் குட்டை உடுப்பில் ஆடுகிறார்கள். காரணம் ஒன்று. ஆனால் ஆண் கட்டினால் மரபு, பெண் தொடை தெரிந்தால் ஆபாசம். இங்கே வெகுகாலம் மரக்கம்பம் பையன்களுக்கு, கயிறு பெண்பிள்ளைகளுக்கு என்றுதான் பிரித்து வைத்திருந்தார்கள். முழங்காலுக்கு மேலே சேலையைச் செருகிக்கொண்டு சேற்றில் நாற்று நடுகிற நம்ம பொம்பளைகளின் காலைப் பார்த்து எந்தப் பண்பாட்டுக் காவலனும் பதறியதில்லை. இந்த மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூரில், தோளில் துணி போட்டதற்காகப் பெண்கள் அடிவாங்கினார்கள். 1859இல் அனுமதி கிடைத்தபோதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கிடைத்தது. மூடு என்பதும் திற என்பதும் சாதியின் உத்தரவுதான்.

'அதெல்லாம் பழைய கதை' என்பவர்களுக்கு 2024 மார்ச் மாதத்தை நினைவூட்டுகிறோம். கேரளத்தில் நடனக்காரர் கலாமண்டலம் சத்யபாமா ஒரு யூடியூப் பேட்டியில், பெயர் சொல்லாமல், காக்கை நிறத்து ஆண் மோகினியாட்டம் ஆடுவதைப் பழித்தார். குறி யார் மீது என்பது எல்லோருக்கும் புரிந்தது: ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணன், தலித், நடிகர் கலாபவன் மணியின் தம்பி, மோகினியாட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த அம்மையார் இறங்கி வரவில்லை. கருத்த பிள்ளைகளைப் போட்டிக்குப் போக வேண்டாம் என்பேன், அழகுக்கும் மார்க் உண்டு என்ற பொருளிலேயே பேசினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. கேரள கலாமண்டலம் ராமகிருஷ்ணனை அழைத்துத் தன் மேடையில் ஆடவைத்தது. ஆண் பிள்ளைகளுக்கும் மோகினியாட்டம் கற்பிப்பதென்று முடிவெடுத்தது. 2025இல் அவர் அங்கே பரதநாட்டிய ஆசிரியராகவே சேர்ந்தார்.

ஒருவர் உள்ளே போனது வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த அம்மையார் வாய்தவறி ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார். விதிப்புத்தகத்தில் 'தலித் வரக்கூடாது' என்று எங்கேயும் எழுதியிருக்காது. எழுத வேண்டிய அவசியமே இல்லை. 'தோற்றம்', 'நளினம்', 'மேடைப் பொலிவு' என்று மார்க் தாளில் ஒரு கட்டம் போதும். பேனா நடுவர் கையில். நடுவர் கண்ணில் சாதி.

'ஆட்டம் பாட்டம்தானே, இதுக்குப் போயி இத்தனை கோவமா?' என்று கேட்கலாம். இது சோற்றுப் பிரச்சினை. 2020இல் ஒன்றிய அரசு, குரூப் சி வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் மல்லர் கம்பத்தைச் சேர்த்தது. 2022இல் ஹரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியிலும் அது சேர்ந்தது. கம்பத்தில் வாங்குகிற மார்க் இன்றைக்கு வேலைக்கான சான்றிதழ். எந்த உடம்புக்கு மார்க் என்பது எந்த வீட்டுக்குச் சம்பளம் என்ற கேள்வி.

சத்தீஸ்கரின் அபூஜ்மாட் காட்டுப்பகுதியிலிருந்து வந்த ஆதிவாசிப் பிள்ளைகளின் மல்லர் கம்பக் குழு 2023இல் ஒரு பெரிய தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. கொண்டாடுவோம். ஆனால் 'காட்டுப் பிள்ளை, பிறவியிலேயே ஏறுவான்' என்ற பாராட்டை மட்டும் வாங்கிக்கொள்ளக் கூடாது. அதுவும் சாதிப் பேச்சுதான். நாராயண்பூரில் அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கூடம் இருந்தது, நாள் தவறாமல் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. பிறவித் திறமை என்று சொல்லிவிட்டால் கம்பம் வாங்கித்தர வேண்டாம், பயிற்சியாளர் போட வேண்டாம், முட்டையும் பாலும் தர வேண்டாம். புகழ்ந்தே பட்டினி போடுகிற தந்திரம் அது.

விதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எத்தனை கடினமான பிடி, எவ்வளவு நேரம் நிலை, எவ்வளவு சுத்தமான இறக்கம் என்று அளக்கட்டும். முகம், நிறம், ஒல்லி, 'களை' இவற்றை அளக்கக் கூடாது. மார்க் தாள் போட்டிக்கு முன்பே அச்சாகி எல்லோர் கைக்கும் வரவேண்டும். நடுவர் மேசையில் தலித்துகளும் ஆதிவாசிகளும் பெண்களும் உட்கார வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் பருத்த பிள்ளைகளுக்கும் கால் ஊனமான பிள்ளைகளுக்கும் கம்பம் திறந்திருக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் அரசு செலவில் கம்பமும் பயிற்சியாளரும் வேண்டும்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் படிக்கிற மாணவத் தோழர்கள் இதை இந்த ஆண்டே தொடங்கலாம். உங்கள் கல்லூரி விளையாட்டு விழாவிலோ கலைவிழாவிலோ நடுவர் கையில் இருக்கிற தாளை வாங்கிப் பாருங்கள். 'தோற்றம்' என்று ஒரு கட்டம் இருந்தால், அது யாருடைய தோற்றம் என்று எழுத்துமூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் போட்டியை நிறுத்திவைத்துக் கேளுங்கள். செண்பகத்தோப்புப் பிள்ளை ஒருத்தி கம்பத்தின் உச்சியில் தலைகீழாக நிற்கும்போது கீழே உட்கார்ந்து மார்க் போடுகிறவர்களில் அவள் சனமும் இருக்க வேண்டும். அதுவரை 'எல்லோருக்கும் இடம் உண்டு' என்பது வெறும் பேனர் வாசகம்.